மகனைப் பார்க்க துபாய், மகளைப் பார்க்க லண்டன்: எந்த விசா எடுப்பது? குமரி மேற்கு குடும்பங்களுக்கு வழிகாட்டி

குழித்துறை,-

குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு அபூர்வம். கொத்தனார், டிரைவர், மீனவர், நர்சு, என்ஜினீயர் என்று வளைகுடாவில் தொடங்கி லண்டன், கனடா வரை இந்தப் பகுதி ஆட்கள் இருக்கிறார்கள்.

"அம்மா, ஒரு மாசம் இங்க வந்து நின்னுட்டு போங்க" என்று மகன் கூப்பிட்டால் வீடே சந்தோஷப்படும். அடுத்த நிமிடமே கேள்வி வரும். விசிட் விசாவா? டூரிஸ்ட் விசாவா? ஃபேமிலி விசாவா?

"எல்லாம் ஒண்ணுதான், பாஸ்போர்ட்டை தாங்க" என்று சொல்லும் டிராவல்ஸ்காரரை நம்பி பணம் கட்டுகிறவர்கள் நிறைய பேர். ஆனா எல்லாம் ஒண்ணு கிடையாது. விசா மாறினால் தங்கும் நாள் மாறும், பொறுப்பேற்கும் ஆள் மாறும், அபராதமும் மாறும். சில நேரம் விமான நிலையத்திலேயே திரும்பி வர வேண்டியதாகி விடும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

முதலில் 3 கேள்வி

டிராவல்ஸ் கடை படி ஏறும் முன் வீட்டில் உட்கார்ந்து 3 கேள்விக்கு பதில் எழுதிக்கிடணும்.

1. எத்தனை நாள் தங்க வேண்டும்? பத்து நாளா, 3 மாசமா, வருஷக்கணக்கா?

2. அங்கே யார் பொறுப்பு? மகனே தன் அடையாள அட்டையை வைத்து விண்ணப்பிக்கிறாரா, இல்லை ஏஜென்சி பெயரில் விசா எடுக்கிறதா?

3. என்ன காரியத்துக்கு போகிறோம்? சும்மா பார்த்து வரவா, குடும்பமாக குடியிருக்கவா, வேலை தேடவா?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் விசா வகை தானாகத் தெரிந்து விடும். மூன்றாவது கேள்விக்கு "வேலை தேட" என்று பதில் வந்தால் இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்த விசாவும் அவருக்குப் பொருந்தாது. அது தனி வழி.

பாஸ்போர்ட்டை புரட்டிப் பாருங்க

பயண நாளில் இருந்து குறைந்தது 6 மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். பெரும்பாலான நாடுகள் கேட்பது இதுதான். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பாஸ்போர்ட் பொதுவாக 5 வருடம்தான். பெரியவர்களுக்கு 10 வருடம் என்ற நினைப்பில் பிள்ளையின் பாஸ்போர்ட்டை பார்க்காமல் விட்டு விடுகிறவர்கள் உண்டு.

கன்னியாகுமரி மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஆனால் 2018-ம் ஆண்டு முதல் நாட்டின் எந்த ஊர் பாஸ்போர்ட் சேவா மையத்திலும் விண்ணப்பிக்கலாம். மதுரைப் பக்கம் தேதி கிடைக்கவில்லை என்றால் பக்கத்தில் உள்ள திருவனந்தபுரத்திலும் முயற்சி செய்யலாம். போலீஸ் விசாரணை மட்டும் விண்ணப்பத்தில் கொடுத்த வீட்டு முகவரிக்குத்தான் வரும்.

ஒற்றைப் பெயர் சிக்கல்

நம்ம ஊர் ஆட்களுக்கு பெரிய தலைவலி இதுதான். பாஸ்போர்ட்டில் "மேரி" என்றோ "செல்லத்தங்கம்" என்றோ ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். குடும்பப் பெயர் என்ற இடம் காலியாகக் கிடக்கும்.

டூரிஸ்ட், விசிட் விசாவில் வருகிறவர்களின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022-ம் ஆண்டு நவம்பரில் அறிவித்தது. அங்கே குடியிருப்பு விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்றும் சொல்லப்பட்டது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் தந்தார்கள்.

எனவே அம்மா, அப்பாவுக்கு டிக்கெட் போடும் முன் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து விமான நிறுவனத்திடம் கேட்டுக்கிடணும். மாற்ற வேண்டும் என்றால் பெயரைப் பிரித்து, தகப்பனார் பெயர் அல்லது கணவர் பெயரை குடும்பப் பெயராகச் சேர்த்து மறு பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். விசா வந்த பிறகு பெயரை மாற்றினால் அந்த விசா பயன்படாது.

இ.சி.ஆர். முத்திரை இருந்தால் போக முடியாதா?

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர். என்று இருக்கும். குடிபெயர்வு அனுமதி தேவை என்பது இதன் பொருள். 1983-ம் ஆண்டு குடிபெயர்வு சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது. சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்பட 18 நாடுகள் இந்தப் பட்டியலில் உள்ளன.

ஆனால் இந்த அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்தான். மகனையோ கணவரையோ பார்க்கப் போகிறவர்களுக்கு தேவையில்லை. 2007-ம் ஆண்டு அக்டோபர் முதல் இந்த நடைமுறை உள்ளது. செல்லும் விசா, திரும்பி வரும் டிக்கெட் இரண்டும் கையில் இருந்தால் போதும்.

"இ.சி.ஆர். பாஸ்போர்ட்டா? அனுமதி வாங்க தனியா பணம் கட்டணும்" என்று பார்க்கப் போகிற அம்மாவிடம் யாராவது கேட்டால் அது ஏமாற்று வேலை. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வேலைக்குப் போனாலும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

துபாய், ஷார்ஜா, அபுதாபி

அமீரகத்துக்கு மூன்று வழி.

முதலாவது டூரிஸ்ட் விசா. 30 நாள், 60 நாள் என்று கிடைக்கும். ஏஜென்சி அல்லது விமான நிறுவனம் மூலம் எடுப்பது. சீக்கிரம் வரும். ஆனா ஏஜென்சி பெயரில் வருவதால் கெடு தாண்டினால் "ஆளைக் காணோம்" என்று ஏஜென்சியே புகார் கொடுத்து விடலாம். அதை நீக்க தனிச் செலவு.

இரண்டாவது, அங்கே இருக்கும் மகனோ கணவரோ தன் எமிரேட்ஸ் ஐ.டி.யை வைத்து எடுக்கும் விசிட் விசா. 2025-ம் ஆண்டு அறிவித்த விதிப்படி பெற்றோர், மனைவி, பிள்ளைகளை அழைக்க மாதம் 4 ஆயிரம் திர்ஹம் வருமானம் வேண்டும். அண்ணன், தம்பி, அக்காள் போன்ற உறவுகளுக்கு 8 ஆயிரம் திர்ஹம். நண்பர்களுக்கு 15 ஆயிரம் திர்ஹம்.

மூன்றாவது ஃபேமிலி விசா எனப்படும் குடியிருப்பு விசா. மனைவி, பிள்ளைகளை கூடவே வைத்துக் கொள்ள இதுதான் வழி. 4 ஆயிரம் திர்ஹம் சம்பளம், அல்லது 3 ஆயிரம் திர்ஹம் சம்பளத்துடன் தங்குமிடம் என்பது விதி. பெற்றோரை நிரந்தரமாக வைத்துக் கொள்ள இதைவிட மிக அதிகமான சம்பளம் வேண்டும். அதனால் பெரும்பாலான அம்மா, அப்பாக்கள் விசிட்டில்தான் போய் வருகிறார்கள்.

எந்த விசாவானாலும் கெடு முடிந்து தங்கினால் நாள் ஒன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். ஒரு மாதம் தாண்டினால் 1,500 திர்ஹம். அது மகனின் அரை மாதச் சம்பளமாகக் கூட இருக்கலாம்.

உறவினர் வீட்டில் தங்குவதானால் அந்த வீட்டு முகவரி, வாடகை ஒப்பந்த நகல், அவரது ஐ.டி. நகல் ஆகியவற்றை அம்மாவின் கைப்பையில் வைத்து அனுப்புவது நல்லது. 2024-ம் ஆண்டு இறுதியில் இருந்து டூரிஸ்ட் விசாவுக்கு தங்குமிடமும் திரும்பும் டிக்கெட்டும் கறாராகக் கேட்கப்படுகின்றன.

சவுதிக்கு

சவுதியில் இகாமா வைத்திருப்பவர் அந்நாட்டு வெளியுறவு அமைச்சக இணையதளத்தில் குடும்ப விசிட் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே அனுமதி வந்த பிறகு இங்கே விசா மையத்தில் பாஸ்போர்ட்டும் கைரேகையும் கொடுக்க வேண்டும்.

ஒரு வருட மல்டிபிள் விசாவில் 90 நாளுக்கு ஒரு முறை வெளியே போய் வந்த குடும்பங்கள் ஏராளம். 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா உள்பட 14 நாட்டினருக்கு இந்த மல்டிபிள் விசாவை சவுதி நிறுத்தி வைத்தது. எனவே "போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரங்க இப்படித்தான் போனாங்க" என்று நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது. அன்றைக்கு என்ன வகை தருகிறார்கள் என்று பார்த்த பிறகே டிக்கெட்.

மனைவி, பிள்ளைகளை குடியிருப்பு விசாவில் வைத்திருந்தால் ஒரு ஆளுக்கு மாதக் கட்டணம் உண்டு. 2017-ம் ஆண்டு ஜூலையில் 100 ரியாலாகத் தொடங்கிய இது ஆண்டுதோறும் கூடி 400 ரியால் ஆனது. மனைவி, 2 பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். பல குடும்பங்கள் ஊருக்குத் திரும்பியதற்கு இது ஒரு காரணம்.

விசிட் விசாவில் போகிறவர்கள் உம்ரா செய்யலாம். ஹஜ் செய்ய முடியாது. மீறினால் 20 ஆயிரம் ரியால் வரை அபராதம் என்று 2025-ல் சவுதி அறிவித்தது. 2024-ம் ஆண்டு ஹஜ்ஜின்போது கடும் வெயிலில் 1,301 பேர் இறந்தனர். அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்தவர்கள் என்று சவுதி அரசு தெரிவித்தது. குளிர்சாதனக் கூடாரமோ பஸ்சோ இல்லாமல் நடந்தவர்கள் அவர்கள். "விசிட் விசாவிலேயே ஹஜ்ஜும் முடிச்சிடலாம்" என்று சொல்லும் ஏஜெண்டை பக்கத்தில் அண்ட விடக் கூடாது.

கத்தார், குவைத், பஹ்ரைன்

கத்தார் 2017-ம் ஆண்டு ஆகஸ்டில் இந்தியா உள்பட 80 நாட்டினருக்கு விசா இல்லாத நுழைவை அறிவித்தது. இந்தியர்களுக்கு 30 நாள். ஆனால் கத்தார் அரசு சொல்லும் தளம் வழியாக ஓட்டல் பதிவு செய்திருக்க வேண்டும். மகன் வீட்டில்தான் தங்கப் போகிறோம் என்றால் மகனே அந்நாட்டு உள்துறையின் மெட்ராஷ் ஆப் மூலம் குடும்ப விசிட் விசா எடுப்பதுதான் சரி.

குவைத் குடும்ப விசிட் விசாவை நிறுத்தி வைத்து, 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. அதன் பிறகும் விதிகள் மாறியுள்ளன. பஹ்ரைனுக்கு இணையதளத்தில் இ-விசா எடுக்கலாம்.

கல்யாண சான்றிதழ் கையில் இருக்கிறதா?

மனைவிக்கு ஃபேமிலி விசா எடுக்க கல்யாண சான்றிதழும், பிள்ளைக்கு பிறப்பு சான்றிதழும் வேண்டும். வெறும் சான்றிதழ் போதாது. அட்டஸ்டேஷன் வேண்டும். மாநில அரசு சான்றளித்து, அதன்பின் மத்திய வெளியுறவு அமைச்சகம் முத்திரை வைக்க வேண்டும்.

ஓமன், பஹ்ரைன், சவுதி ஆகிய நாடுகள் அப்போஸ்டில் முத்திரையை ஏற்கும் ஒப்பந்தத்தில் உள்ளன. சவுதியில் இது 2022-ம் ஆண்டு டிசம்பரில் அமலுக்கு வந்தது. இந்த நாடுகளுக்கு தூதரக முத்திரை என்று தனியாக அலைய வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டு சட்டப்படி எல்லா திருமணத்தையும் பதிவு செய்வது கட்டாயம். கல்யாணம் முடிந்து 20 நாளில் மாப்பிள்ளை விமானம் ஏறும் ஊர் இது. பதிவை முடிக்காமல் அவர் போய் விட்டால் பிறகு பெண்தான் அலைய வேண்டி வரும். லீவு முடியும் முன் பதிவு செய்து விடுவது புத்திசாலித்தனம். பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மலேசியா, சிங்கப்பூர்

மலேசியாவுக்கு இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். 2023-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி தொடங்கிய இந்தச் சலுகை 2026-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. புறப்படும் முன் 3 நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அங்கே இருக்கும் உறவினர் அல்லது அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி மூலம் விண்ணப்பிக்கலாம். அரசு கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். வருகை அட்டை இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் அரசு தளம் அல்ல.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் மனைவி, பிள்ளைகளை குடும்ப பாஸில் அழைக்க முடியாது. எம்ப்ளாய்மெண்ட் பாஸ் வைத்திருப்பவர் 6 ஆயிரம் டாலர் சம்பளம் இருந்தால் மனைவி, பிள்ளைகளையும், 12 ஆயிரம் டாலர் இருந்தால் பெற்றோரையும் நீண்ட நாள் வைத்துக் கொள்ள விண்ணப்பிக்கலாம்.

லண்டனில் நர்சு மகள்

பிரிட்டனுக்கு பெற்றோர் போக "ஸ்டாண்டர்டு விசிட்டர்" விசா. ஒரு முறை போனால் 6 மாதம் வரை தங்கலாம்.

மகளோ மருமகளோ நர்சாக இருந்தால் கணவர், பிள்ளைகளை டிபெண்டெண்ட் விசாவில் அழைக்கலாம். ஆனால் கேர் ஒர்க்கர் எனப்படும் பராமரிப்புப் பணியாளர்கள் 2024-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதிக்குப் பிறகு புதிதாகக் குடும்பத்தை அழைக்க முடியாது. அவர்கள் குடும்பத்துக்கு விசிட்டர் விசா மட்டும்தான். "முதல்ல நீ போ, பின்னாலேயே மாப்பிள்ளையும் பிள்ளையும் வரலாம்" என்று சொல்லி லட்சங்கள் வாங்கும் ஏஜெண்டுகளிடம் இதைக் கேளுங்கள்.

பேரப்பிள்ளையைப் பார்த்துக் கொள்ள பாட்டி போகலாமா? குறுகிய காலத்துக்குப் போய் உதவலாம், ஆனால் அது குழந்தை பார்க்கும் வேலையாக ஆகி விடக் கூடாது என்பது பிரிட்டன் விதி. அதிகாரி கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஏஜெண்ட் சொல்லிக் கொடுத்த பொய்யில் மாட்டினால் அடுத்தடுத்த விசாவும் போகும்.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா

அமெரிக்காவுக்கு பி-2 விசா. சென்னை துணைத் தூதரகத்தில் நேர்காணல். கட்டணம் 185 டாலர் என்பது 2023-ம் ஆண்டு ஜூனில் இருந்து உள்ளது. விசா 10 வருடத்துக்கு கிடைக்கும். அதற்காக 10 வருடம் தங்கலாம் என்று அர்த்தம் இல்லை. இறங்கும்போது அதிகாரி எழுதும் நாள்தான் கணக்கு. வழக்கமாக 6 மாதம்.

"எஸ்டா எடுத்துத் தாறோம், விசாவே வேண்டாம்" என்று விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் எஸ்டா, பிரிட்டனின் இ.டி.ஏ., கனடாவின் இ.டி.ஏ. ஆகிய மூன்றுமே இந்திய பாஸ்போர்ட்டுக்கு கிடையாது. இந்தியர்கள் அங்கெல்லாம் விசாதான் எடுக்க வேண்டும்.

கனடாவுக்கு சாதாரண விசிட்டர் விசாவில் வழக்கமாக 6 மாதம். பெற்றோர், தாத்தா, பாட்டிக்கு என்றே "சூப்பர் விசா" உண்டு. 2011-ம் ஆண்டு டிசம்பரில் வந்தது. 2022-ம் ஆண்டு ஜூலை முதல் ஒரு முறை போனால் 5 வருடம் வரை தங்கலாம். மருத்துவப் பரிசோதனை, குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு, மகனுக்கோ மகளுக்கோ போதுமான வருமானம் ஆகியவை வேண்டும். ஒரு மாசம்தான் போகிறோம் என்றால் இவ்வளவு காப்பீட்டுச் செலவு தேவையில்லை. சாதாரண விசிட்டர் விசாவே போதும்.

ஆஸ்திரேலியாவில் உறவினர் பொறுப்பேற்கும் விசிட்டர் விசாவுக்கு பிணைத்தொகை கேட்கலாம். கெடுவுக்குள் திரும்பினால்தான் அந்தப் பணம் திரும்பும்.

ஜெர்மனி, இத்தாலி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்கு ஒரே விசா. எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. 30 ஆயிரம் யூரோ பயணக் காப்பீடு கட்டாயம். நர்சுகள் அதிகம் போகும் அயர்லாந்து இந்தக் கூட்டத்தில் இல்லை. அதற்கு தனி விசா.

விசிட்டில் போய் வேலை பார்க்கலாமா?

குடும்பங்கள் அதிகம் நஷ்டப்படுவது இங்கேதான். "விசிட்டில் வா, வந்த பிறகு கம்பெனி விசாவுக்கு மாத்திக்கிடலாம்" என்று கூப்பிடுவார்கள். விசா மாறும் வரை அவர் சட்டப்படி தொழிலாளி அல்ல. சம்பளம் தராவிட்டால் கேட்க வழி குறைவு. அடிபட்டால் கம்பெனி கை கழுவி விடும்.

இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ளவர் முறைப்படி அனுமதி வாங்கி வேலைக்குப் போனால் பிரவாசி பாரதீய பீமா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு. விசிட்டில் போய் வேலை பார்த்து உயிர் போனால் வீட்டுக்கு அந்தப் பணம் வராது.

பெர்மிட் இல்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு அமீரகத்தில் 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-ம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. அதனால் சோதனைக்கு ஆட்கள் வந்தால் முதலாளி முதலில் மறைப்பது விசிட்டில் வந்தவரைத்தான்.

பெட்டியில் கசகசா வேண்டாம்

மகனுக்கு கறி மசாலா அரைத்துக் கொண்டு போகும் அம்மாக்கள் கவனத்துக்கு. கசகசா அமீரகம், சவுதி, சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். அங்கே அது போதைப்பொருள் கணக்கு. மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் சிக்கல்தான்.

வலி மாத்திரை, தூக்க மாத்திரை, சில இருமல் மருந்துகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் எடுத்துப் போகக் கூடாது. யாரோ தெரிந்தவர் "இதை என் தம்பிகிட்ட குடுத்துருங்க" என்று தரும் பொட்டலத்தை பிரித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பணம் கட்டும் முன்

விசா காகிதம் வந்ததும் 4 விஷயம் பார்க்க வேண்டும். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா? விசா வகை என்ன? எந்த தேதிக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும்? நுழைந்த பிறகு எத்தனை நாள் தங்கலாம்? நுழையும் கெடுவும் தங்கும் நாளும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து அபராதம் கட்டியவர்கள் உண்டு.

விசா எண்ணை அந்த நாட்டு அரசு தளத்திலேயே போட்டு உண்மையானதா என்று பார்க்கலாம். இதை அங்கே இருக்கும் மகனே 5 நிமிடத்தில் செய்து விடுவார். கொடுத்த பணத்துக்கு ரசீது கட்டாயம் வாங்குங்கள்.

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் உரிமம் பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் உள்ளது.

சந்தேகம், சிக்கல் என்றால் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை 1800 309 3793 என்ற இலவச எண்ணிலும், மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதீய உதவி மையத்தை 1800 11 3090 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

சம்பள வரம்பு, கட்டணம், நாள் கணக்கு எல்லாம் அடிக்கடி மாறும். பாஸ்போர்ட்டை கையில் கொடுக்கும் அன்றைக்கே ஒரு முறை அரசு தளத்தில் பார்த்து விட்டு, அதன்பிறகு டிக்கெட்டுக்கு பணம் கட்டலாம். விசாவுக்கு முன்னால் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும் என்றால், தேதி மாற்ற எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.